அஞ்சறைப் பெட்டியும் அசல் ஜரிகையும்

தம்பிகளே, போன வாரம் உங்களில் ஒருவர் செல்போனில் ஏழெட்டுப் படங்களோடு என் வீட்டுக்கு வந்தார். அவருடைய குழுவில் பேஸ் கிடார் வாசிக்கும் பையன் காலால் மிதிக்கிற பெடல்களைப் பலகையில் பூட்டிப் புதிதாகப் பெடல் போர்டு செய்திருக்கிறானாம். அதற்கு எந்த டைரக்ட் பாக்ஸ் வாங்கலாம் என்று கேட்டார். ஒன்றுக்குப் பேட்டரி வேண்டும், ஒன்றுக்கு வேண்டாம், ஒன்று ஜப்பான், ஒன்று அமெரிக்கா என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "கேக்கப் போறது யாரு?" பெருசுக்குக் காதோடு சேர்த்து இன்னொன்றும் மந்தமாகிவிட்டது என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டார். அவருக்காகவும், அவரைப் போல இந்த மைக் செட் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நேற்றுச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கிடாரிலிருந்து வருகிற மின்சாரம் ஒரு சோனிக் குழந்தை. அதை நீள ஒயரில் மேடையிலிருந்து நம் சவுண்டு மிக்சருக்கு இழுத்து வந்தால் வழியிலேயே பாதி செத்துப்போகும், மீதியில் இரைச்சல் ஏறிக்கொள்ளும். நடுவில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தால் அது சோனியைத் தேற்றி அனுப்பும். அதுதான் டைரக்ட் பாக்ஸ். மேடையிலும் எர்த், நம்மிடமும் எர்த் என்று இரண்டு பக்கமும் எர்த் சேர்ந்துகொண்டால் 'ம்ம்ம்' என்று ஒரு ஓயாத சத்தம் வரும். அதை வெட்டிவிட அந்தப் பெட்டியில் ஒரு சுவிட்சும் இருக்கும். அவ்வளவுதான் விஷயம், மீதி எல்லாம் பெயின்ட்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் நான் மைக் செட் வைத்திருந்தபோது, ஊருக்குத் தெரிந்த ஸ்பீக்கர் கூம்பு ஸ்பீக்கர்தான். வேப்பமரத்தில் கட்டினால் பக்கத்து ஊர் மாடு திரும்பிப் பார்க்கும். பாட்டுக்காரர் குரல் வரும், புல்லாங்குழல் வரும், மேடையில் யாராவது மூக்கைச் சிந்தினால் அது பிரமாதமாக வரும். பேஸ் கிடார் மட்டும் வராது. கூம்புக்கு அந்தக் கனத்த கீழ்ச் சத்தம் தெரியவே தெரியாது.

இதனால் ஊரிலேயே அதிகம் நொந்துபோனவன் குணசேகரன். பகலில் களம்பூர் ரைஸ் மில்லில் மோட்டார் பார்ப்பான், சாயங்காலம் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பான். வருஷக்கணக்கில் வாசித்தும் ஊரில் ஒரு ஜீவன் அவன் வாசித்துக் கேட்டதில்லை. கிடாருக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று கல்யாண வீட்டுக்காரர்கள் அக்கறையாக விசாரிப்பார்கள். இவனோ பொய் சொல்லத் தெரியாத பிறவி. மரியாதைக்காக யாராவது 'நல்லா வாசிச்சீங்க' என்றால், 'உங்களுக்கு எங்க கேட்டுச்சு?' என்று திருப்பிக் கேட்பான். அவர்கள் பந்தி பக்கம் நழுவிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவனுக்குச் சரோஜாவைப் பிடித்துப்போய்விட்டது, சரோஜாவுக்கும் இவனை. பெரியவர்கள் போய்ப் பேசினார்கள். சரோஜாவின் அப்பா மாசிலாமணி சொந்தத்தில் பட்டுத் தறிகள் வைத்திருந்தவர். அசல் வெள்ளி ஜரிகை தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று கையை நீட்டிக் காட்டிச் சொல்வார். எதிலும் அசல் இருக்க வேண்டும் அவருக்கு. குடும்பம் சரி, பையன் குணம் சரி, மில் வேலையும் சரி என்று ஒவ்வொன்றாகத் தலையாட்டியவர், கிடார் என்றதும் நிறுத்திவிட்டார்.

"திருவிழால முன்னாடி குந்திகினு நானும் பார்த்தேன். விரல் ஓடுது, தலை ஆடுது, ஒரு சத்தம் வரல. சும்மா கைய ஆட்டிட்டு கூலி வாங்கறவன நம்பி எப்பிடிங்க பொண்ணு குடுக்கறது?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். அவர்களும் கேட்டதில்லையே.

ஆனாலும் நியாயமான மனிதர். அவர் அண்ணன் மகள் கல்யாண வரவேற்புக்கு எங்கள் ஊர்க் குழுவைத்தான் பேசியிருந்தார்கள், மைக் செட் என்னுடையது. அன்றைக்கு இன்னொரு தடவை உட்கார்ந்து கேட்கிறேன், காதில் விழுந்தால் மேற்கொண்டு பேசலாம், விழாவிட்டால் வேறு இடம் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலையில் குணா என் கடைக்கு வந்து நின்றான்.

"அண்ணா, ஒரே ஒரு நாள் என் சத்தத்த வெளிய கொண்டாந்துடுண்ணா."

நான் உருகிவிட்டேன். அப்போதுதான் கடன் உடன் பட்டு நாலு பெரிய பெட்டி ஸ்பீக்கர் செய்து வைத்திருந்தேன், அவை கீழ்ச் சத்தத்தைத் தாராளமாகத் தரும். குணாவும் மெட்ராஸில் ஒருவரிடமிருந்து இரண்டு பெடல்கள் வாங்கியிருந்தான். காலால் மிதித்தால் ஒன்று சத்தத்தைத் தடிமனாக்கும், இன்னொன்று அதைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தது போல அலைய வைக்கும். பெடல் போர்டுக்கெல்லாம் அப்போது கடையேது? மில்லில் கழித்துப்போட்ட நெல் சலிக்கும் இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு முடுக்கிக்கொண்டு வந்திருந்தான். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மிச்சம் டைரக்ட் பாக்ஸ்தான். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று வெளிநாட்டு எஃகுப் பெட்டி, மெட்ராஸில் ஒரு ஸ்டூடியோக்காரர் கழித்துவிட்டது, லாரி ஏறினாலும் நசுங்காது. இன்னொன்று நானே செய்தது. டிரான்ஸ்ஃபார்மரை அதன் தகர உறையோடு வைத்துச் செய்துவிட்டேன், ஆனால் வெளிப்பெட்டி கிடைக்கவில்லை. என் மனைவி எவர்சில்வருக்கு மாறியபோது ஒதுக்கிய மர அஞ்சறைப் பெட்டி பரணில் இருந்தது, அதில் பொருத்திவிட்டேன். கடுகு இருந்த குழியில் டிரான்ஸ்ஃபார்மர், சீரகக் குழியில் சுவிட்சு, மிளகுக் குழியில் பிளக் சொருகும் ஓட்டை. என்ன துடைத்தும் வெந்தய வாசனை போகவில்லை. குலுக்கினால் உள்ளே எங்கோ ஒரு கடுகு உருளும்.

ஒரு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். மரப்பெட்டியில் சத்தம் கொஞ்சம் சோம்பேறித்தனமாக, சாப்பிட்டுப் படுத்தவன் பேசுவது போல வந்தது. எஃகுப் பெட்டியில் கணீரென்று வந்தது. அதோடு, பொண்ணு கேட்கப் போகிற இடத்துக்கு வெந்தய வாசனையோடு போக வேண்டாம் என்று குணா கெஞ்சினான். எஃகுதான் என்று முடிவு செய்தோம். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். ஆனாலும் மரப்பெட்டியை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். இருக்கிற சாமானைக் கடையில் விட்டுவிட்டு மண்டபத்துக்குப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது, உங்களுக்கும் வேண்டாம்.

மத்தியானமே மண்டபத்தில் எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்தோம். எர்த் சுவிட்சைத் தட்டியதும் இரைச்சல் சுத்தமாக நின்றது. குணா ஒரு நரம்பைத் தட்டினான். வெறும் மண்டபத்தில் நாற்காலிகள் லேசாக அதிர்ந்தன, சமையற்கட்டிலிருந்து ஒருவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். தன் சத்தத்தைத் தானே இவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை அவன். கண் கலங்கிவிட்டது. மாசிலாமணிக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, பக்கத்திலேயே ஒரு பெட்டி ஸ்பீக்கரை நிறுத்தினேன். அந்த ஸ்பீக்கருக்கு மட்டும் தனி ஆம்ப்ளிஃபயர், மற்றதெல்லாம் தகராறு செய்தாலும் அது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று. நிம்மதியாக டிபன் சாப்பிடப் போனோம்.

எங்கள் ஊர் நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எந்தச் சாமானும் வெறும் உடம்போடு மேடையில் இருக்கக்கூடாது. ஆர்மோனியப் பெட்டிக்குப் பட்டு, தபேலாவுக்குக் கீழே பட்டு, மைக் ஸ்டாண்டின் இடுப்பில்கூடப் பட்டுத் துண்டு. வீட்டில் பட்டு நெய்துகொண்டு சபையில் இரும்பைக் காட்டுவதா என்பார்கள். நாங்கள் கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மாசிலாமணி மேடையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். நெல் சலிக்கும் தகடும் எஃகுப் பெட்டியும் கண்ணில் பட்டிருக்கின்றன. பரீட்சை வைக்கிறவனே பலகையைத் துடைத்து வைப்பது போல, தன் தறியில் நெய்த அகலக்கரைப் புடவையைக் கொண்டுவரச் சொல்லி, பெடல்களை மட்டும் விட்டுவிட்டு, தகட்டின் விளிம்பிலிருந்து எஃகுப் பெட்டி வரைக்கும் அழகாக மடித்துப் போர்த்திவிட்டார். பெட்டியின் தலையில் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார்.

சபை நிறைந்தது. குணா கிடாரைச் சொருகினான். நரம்பில் கை வைக்கவில்லை.

'ம்ம்ம்ம்ம்' என்று மண்டபம் முழுக்கக் கிளம்பியது.

பாட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். மணமகன் மேலே மின்விசிறியைப் பார்த்தான். நான் ஓடிப்போய்ச் சுவிட்சை மேலும் கீழும் தட்டினேன், மத்தியானம் கேட்ட பேச்சை இப்போது கேட்கவில்லை. ஒயரைத் தடவிக்கொண்டே வந்தவன் புடவை மடிப்பை விரலால் லேசாகத் தூக்கினேன். சத்தம் நின்றது. விட்டேன். வந்தது.

அப்போதுதான் உறைத்தது. அசல் வெள்ளி ஜரிகை. ஒரு நுனி குணாவின் இரும்புத் தகட்டில், மறு நுனி என் எஃகுப் பெட்டியில். நான் சுவிட்சு போட்டு வெட்டிவிட்ட எர்த்தை மாசிலாமணியின் ஜரிகை சேர்த்து வைத்துவிட்டது. பிளாஸ்டிக்கில் போலி ஜரிகை நெய்கிற வேறு யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் இந்தப் பேஜார் வந்தே இருக்காது.

புடவையை எடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். பெண்ணைக் கொடுக்கலாமா என்று யோசிக்கிற மனிதர் தன் கையால் போர்த்திய பட்டை, அவர் சொந்தபந்தம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கையில், இது கோளாறு செய்கிறது என்று உருவிப்போட நீங்கள் தயாரா? நான் மடிப்பைத் தூக்கியதற்கே முன்வரிசையிலிருந்து அவர் முறைத்தார். பையில் இருந்த அஞ்சறைப் பெட்டி ஞாபகம் வந்தது. மரத்தின் மேல் எந்த ஜரிகை பட்டால் என்ன? வரவேற்புரை சொல்ல வந்தவர் மாப்பிள்ளை வீட்டு வம்சாவளியை இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில், ஜரிகைதான் காரணம் என்று குணாவின் காதில் சொல்லிவிட்டு, ஒயர்களைக் கழற்றி மரப்பெட்டியில் மாட்டினேன். எஃகுப் பெட்டியைப் பட்டும் பொட்டுமாக அப்படியே உட்கார விட்டேன். இரைச்சல் போனது, வெந்தய வாசனை வந்தது.

முதல் பாட்டு தொடங்கியது. தம்பிகளே, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? எத்தனையோ மேடையில் அதே பாட்டை அதே ஆட்கள் பாடிக் கேட்ட ஊர்தான். அன்றைக்குத்தான் அதற்குக் கால் முளைத்தது. டிரம்ஸ்காரர் குணாவைப் பார்த்துச் சிரித்தார். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் காரணம் தெரியாமலே தொடையில் தாளம் போட்டார்கள். சரோஜா பெண்கள் வரிசையில் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

மாசிலாமணியைப் பார்த்தேன். மனிதர் முகம் தொங்கிப்போயிருந்தது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாப்பா மைக் செட்டு, பையன் நிறுத்திட்டானே. கை வலிக்குதா?"

அவன் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான், இந்த 'தும் தும்' என்று வருவதுதான் அவனுடையது என்று பணிவாகச் சொன்னேன்.

"இதுவா? இது யாரோ கதவத் தட்டறாப்ல இல்ல இருக்குது. ஆரம்பத்துல வாசிச்சானே, மூச்சு வுடாம, ஒரே இழையா, அறுபடாம. அதான் வேலை. எனக்கே மயிர் கூச்செறிஞ்சு போச்சு. இப்ப இன்னாடான்னா வுட்டு வுட்டுத் தட்டிகினு இருக்கான்."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். முழு மண்டபத்துக்கும் அவனைக் கேட்க வைத்துவிட்டேன், கேட்க வேண்டிய ஒருவருக்கு மட்டும் அவன் வேலையை நிறுத்தியவனாகிவிட்டான். அடுத்த பாட்டின் நடுவில், உறவுக்காரர் குழந்தைக்குத் தண்ணீர் தேடுகிற சாக்கில் சரோஜா என் மேசைப் பக்கம் வந்தாள். அப்பா என்னிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. என்னைப் பார்க்காமல், மேடையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணா, அந்த இரைச்சல மறுபடி வைக்க முடியுமா?"

"வச்சா அவன் வாசிக்கிறது கெட்டுப்போயிடும்மா."

"அது எனக்கும் தெரியும். இன்னிக்குத்தான் மொதல்ல அவர் வாசிச்சு கேக்கறேன். ஆனா எங்கப்பா எழுந்து போனா அப்புறம் நான் எங்கருந்து கேக்கறது?"

இதுதான் நான் சொல்ல வந்த இடம். ஒரு பக்கம் வருஷக்கணக்காக ஊமையாக நின்றவனுக்கு அன்றுதான் வாய் திறந்திருக்கிறது, அதன் மேல் இரைச்சலைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு பக்கம் அவன் கல்யாணம். மாசிலாமணி தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார், அது எழுந்து போவதற்கு முன்னால் செய்கிற காரியம். எது முக்கியம் என்று யோசித்துக்கொண்டே இருந்தவன், யாருக்கு எது என்று யோசிக்க ஆரம்பித்தேன். கை தானாக ஓடியது.

அவர் பக்கத்து ஸ்பீக்கருக்குத்தான் தனி ஆம்ப்ளிஃபயர் இருந்ததே. குனிந்தபடி மேடை ஓரமாகப் போய், பெடல் போர்டின் கடைசியில் சும்மா இருந்த இன்னொரு ஓட்டையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, பட்டுக்கு அடியில் இருந்த எஃகுப் பெட்டியில் சொருகினேன். அங்கிருந்து ஒரு ஒயரை ஓட்டி அந்தத் தனி ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். மண்டபத்துக்கு அஞ்சறைப் பெட்டி, மாசிலாமணிக்கு எஃகுப் பெட்டி. அதன் வால்யூம் திருகைக் கொஞ்சமாகத் திருப்பினேன்.

அவர் நாற்காலியைச் சுற்றி மட்டும் 'ம்ம்ம்' என்று மெல்லக் கிளம்பியது. துண்டைச் சரிசெய்த கை அப்படியே நின்றது. மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார், கண்ணை மூடினார், தலை அசைய ஆரம்பித்தது. பாட்டு முடிந்து மற்றவர்கள் கை தட்டும்போதும் அது ஓடிக்கொண்டே இருந்ததால் அவர் தலையும் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மைத்துனர் அந்த இழையிலேயே தூங்கிப்போனார். வரவேற்பு முடிகிற வரைக்கும் நான் அந்தத் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. குணாவுக்கு இது எதுவும் தெரியாது. அவன் பாட்டுக்கு உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் மாசிலாமணி மேடை ஏறினார். குணாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒயர் சுற்றுகிற பாவனையில் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆரம்பத்துல நீ வாசிச்சியே தம்பி, அறுபடாம, அதுதான் வாசிப்பு. நடுவுல கொஞ்சம் தடுமாறின, பரவால்ல, அப்புறம் புடிச்சிகின."

வேறு யாராக இருந்தாலும் குனிந்து காலைத் தொட்டிருப்பான். இவன் பிறவி அப்படி இல்லையே. நான் கண்ணைக் காட்டியதையும் பார்க்காமல் உண்மையைச் சொன்னான்.

"அது நான் இல்லீங்க. உங்க புடவை ஜரிகை வழியா கரண்டு ஏறி வந்த சத்தங்க அது."

மாசிலாமணி அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியா அடக்கத்த? அவ்வளோ நேரம் வாசிச்சிட்டு, அந்தப் பேர என் ஜரிகைக்குக் குடுக்கறான். ஜல்தியா ஒரு நல்ல நாள் பாருங்க."

குணா மறுபடியும் விளக்க வாயெடுத்தான். நான் அவன் காலை மிதித்தேன். அன்றைக்கு அந்த மேடையில் சரியான நேரத்தில் மிதிக்கப்பட்ட பெடல் அது ஒன்றுதான்.

கல்யாணம் நடந்தது. கல்யாண மேடையிலும் மாமனார் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தனி ஸ்பீக்கர் வைத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு எந்த மேடைக்குப் போனாலும் இரண்டு பெட்டியையும் எடுத்துப்போனேன். ஆகவே, செல்போனில் படம் காட்டிய தம்பிக்கு என் பதில் இதுதான்: மண்டபத்தின் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முன்வரிசையில் உட்காரப் போகிற அந்த ஒருவர் யார் என்று முதலில் விசாரித்துவிடுங்கள். பெட்டி இரும்பாக இருந்தால் மேலே ஒரு ரப்பரையும் சுற்றிவிடுங்கள், ஆரணிக்கு வருவதாக இருந்தால் கட்டாயம்.

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குணா வீட்டுக்குப் போயிருந்தேன். மாசிலாமணியும் வந்திருந்தார், சாய்வு நாற்காலியில் கண் மூடிக் கிடந்தார். அந்த வாரம்தான் வீட்டுக்குப் புதிதாக ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கையில் அது 'ம்ம்ம்' என்று ஓட ஆரம்பித்தது. பெரியவர் கண்ணைத் திறக்காமலே தலையை அசைத்தார்.

"மாப்ள உள்ள வாசிக்கிறாரு" என்றார் என்னிடம், ரொம்ப நிறைவாக.

மாப்பிள்ளை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், கையில் முறுக்கோடு. வழக்கம்போல உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். சரோஜா சமையலறை வாசலிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குணா வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபிரிட்ஜ் நின்றது.

"முடிச்சிட்டாரு. பாவம், சாப்பிடக் கூப்பிடும்மா அவர" என்றார் பெரியவர்.

குணா முறுக்கைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து சாப்பிடப் போனான்.